வெயிலுக்கு எது, நிழலுக்கு எது: நாட்டால் வீட்டுத் தோட்டத்துக்கு ஜெரேனியம் தேர்வு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து நர்சரியில் போய் ஜெரேனியம் கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் பெலர்கோனியம். ஆஃப்ரிகான்ஸில் மல்வா என்பார்களே, அதுதான். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் எல்லாவற்றையும் ஜெரேனியம் என்ற ஒரே பெயரில் போட்டுவிட்டார். 1789இல் இன்னொரு தாவரவியலாளர் லெரித்தியே பிரித்து வைத்தார். ஆனால் அதற்குள் பழைய பெயர் ஊர் வாயில் ஊறிவிட்டது. பெயர்ச் சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு இடம் கேட்கும், வேறு வேறு விதமாகச் சாகும், பெருக்கும் முறையும் வேறு. ஆங்கிலப் புத்தகத்தில் ‘நிழலுக்கு ஏற்ற ஜெரேனியம்’ என்று படித்துவிட்டு வாங்கி வந்த மல்வாவை மாமரத்தடியில் வைத்தால் இலை மட்டும்தான் மிஞ்சும்.

வாங்குமுன் பூவைப் பாருங்கள். ஐந்து இதழும் ஒரே அளவில், சக்கரம் போல வட்டமாக இருந்தால் அது உண்மையான ஜெரேனியம். மேல் இரண்டு இதழ் ஒரு மாதிரி, கீழ் மூன்று வேறு மாதிரி என்றால் பெலர்கோனியம். கலப்பின அடுக்குப் பூக்களில் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். அப்போது பூக்காம்பை விரலால் தடவுங்கள். பெலர்கோனியத்தில் தேன் குழல் தனியாகத் தொங்காமல் காம்போடு ஒட்டி ஓடும், அது முடியும் இடத்தில் சிறு புடைப்பு தட்டுப்படும். ஜெரேனியத்தின் காம்பில் அப்படி ஒன்றும் இருக்காது.

‘குளிர் தாங்கும்’ என்றால் நமக்கு என்ன?

தோட்டப் புத்தகங்கள் உண்மையான ஜெரேனியத்தை ‘குளிர் தாங்கும் வகை’ என்று தனியாக நிறுத்துகின்றன. இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. அங்கே பனியில் மண் உறையும், பெலர்கோனியம் செத்துவிடும், ஜெரேனியம் அடுத்த வசந்தத்தில் துளிர்க்கும். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் உறைபனியே விழுவதில்லை. அங்கே செடியைக் கொல்வது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நீளும் வெக்கையும் ஈரமும். டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை. அதில் பெரும்பங்கு அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. மண் சூடாகவும் நனைந்தும் இருக்கும்போது தூர் அழுகுகிறது. ஆகவே கடலோரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ‘இது எத்தனை டிகிரி குளிர் தாங்கும்’ என்பதல்ல, ‘கோடை மழையில் இதன் தூர் காயுமா’ என்பதே.

குளிர்நாட்டில் புகழ் பெற்ற ‘ரோசான்’ என்ற ஜெரேனியம் இதற்கு நல்ல உதாரணம். 2008இல் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடி, 2013இல் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டுச் செடி என்று பட்டம் வாங்கிய நீலப் பூ அது. ஜோகன்னஸ்பர்க்கில் வைத்துப் பார்க்கலாம். டர்பன் கடலோரத்தில் அதற்குச் செலவிடும் பணம் வீண் என்பது எங்கள் கருத்து. இரவிலும் சூடு இறங்காத இடத்தில் அது கொடியாக நீண்டு, நடுப்பகுதி வெளுத்து, பூவைக் குறைத்துக்கொள்ளும்.

எந்தச் சுவர் நிழல்?

இங்கே வடக்குப் பக்கம்தான் வெயில். இந்தியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வரும் குறிப்புகளில் ‘தெற்கு நோக்கிய பாத்தி’ என்று இருந்தால் அதை வடக்கு என்று மாற்றிப் படியுங்கள். இவ்வளவு பலருக்கும் தெரியும். தெற்குச் சுவரடி ஆண்டு முழுக்க நிழல் என்று நினைப்பதுதான் தப்பு.

டர்பன் ஏறத்தாழ 30 பாகை தெற்கில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 37 பாகை உயரத்தில் நிற்கும், டிசம்பரில் 83 பாகைக்கு மேல், கிட்டத்தட்ட உச்சந்தலையில். மூன்று மீட்டர் உயரச் சுவரின் தெற்குப் பக்கத்தில் ஜூனில் நான்கு மீட்டர் தூரம் நிழல் விழும். டிசம்பரிலோ முப்பது, நாற்பது சென்டிமீட்டர்தான். குளிர்காலத்தில் நிழலென்று பார்த்து வைத்த செடி கோடையில் நண்பகல் வெயிலில் நிற்கும். மென்மையான இலைக்காரிகள் கருகுவது இப்படித்தான். நிழல் பாத்தியை டிசம்பர் மாதம் நண்பகலில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜூலையில் பார்த்துச் செய்யாதீர்கள்.

மரநிழல் வேறு வகை. மா, அவகாடோ, லிச்சி மூன்றும் இலை உதிராமல் ஆண்டு முழுக்க இருட்டாக வைத்திருக்கும், வேரும் மேலாகவே ஓடும். வேம்பின் உறவான சிரிங்கா குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். அதன் அடியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் வந்துவிடும். கறிவேப்பிலை மரம் சல்லடை நிழல்தான் தரும், அதன் கிழக்குப் பக்கம் நல்ல இடம்.

கடலோர வெயிலுக்கு நான்கு பேர்

கடற்காற்று நேரே அடிக்கும் மேட்டு வீடு, மணல் மண், தண்ணீர் விட ஆளில்லை என்றால் பெலர்கோனியம் கேபிடாட்டம். கேப்பிலிருந்து நாட்டால் வரை கடற்கரை மணல்மேடுகளில் தானாக வளர்வது இது. குஸ்மல்வா, அதாவது கடற்கரை மல்வா என்று பெயர். இலை மெத்தென்று ரோமத்தோடு இருக்கும், கசக்கினால் ரோஜா மணம். அரை மீட்டர் உயரம், ஒரு மீட்டருக்கு மேல் படரும். பூ இளஞ்சிவப்பு, சிறியது. பார்வைக்குப் பகட்டில்லை. ஆனால் உப்புக் காற்றில் மற்றவை கருகும்போது இது நிற்கும். சரிவான கரையில் மண் அரிக்காமல் பிடித்துக்கொள்ள வேறெதையும் தேட வேண்டியதில்லை.

பூதான் முக்கியம், தொட்டியோ மதிற்சுவரோ இருக்கிறது என்றால் ஐவி ஜெரேனியம். உண்மைப் பெயர் பெலர்கோனியம் பெல்டாட்டம். ஐரோப்பியப் பால்கனிகளில் தொங்குவதெல்லாம் கேப் நிலத்துப் புதர்களில் ஏறிக் கிடந்த இந்தக் கொடியின் வாரிசுகள்தான். இலை பளபளவென்று தடிப்பாக இருப்பதால் வறட்சி தாங்கும், துரு நோயும் எளிதில் பிடிக்காது. மூன்று, நான்கு மணி நேர வெயிலிலும் ஓரளவு பூக்கும். 60 செ.மீ. நீளத் தொட்டிக்கு மூன்று செடி போதும்.

சிவப்பு உருண்டைப் பூவுக்காக வாங்கும் சோனல் வகையைக் கடலோரத்தில் திறந்த பாத்தியில் வைக்க நாங்கள் சொல்ல மாட்டோம். அதன் மூதாதைகளில் ஒன்றான பெலர்கோனியம் இன்குவினான்ஸ் கிழக்குக் கேப்பிலும் நாட்டாலிலும் விளைவதுதான் என்றாலும், கலப்பினப் பூங்கொத்து மழைநீரைத் தேக்கிவைத்து இரண்டே நாளில் சாம்பல் பூசணம் பிடித்துவிடும். கூரை நீட்டிய வெராந்தாவில், ஆறு மணி நேர வெயில் படும் தொட்டியில் வைத்தால் குறையில்லை.

நான்காவதுதான் உண்மையான ஜெரேனியம்: ஜெரேனியம் இன்கானம். தென்கேப் கடலோரத்துச் செடி. பெர்க்டீ, மலைத்தேநீர், என்று பழைய பெயர், இலையைத் தேநீராகக் காய்ச்சிய வழக்கத்தால் வந்தது. இலை நூலிழையாகக் கிழிந்து, அடிப்புறம் வெள்ளி பூசினாற்போல் இருக்கும். வெளிர் ஊதாப் பூக்கள் வசந்தத்தில் பாய் விரித்தது போல் நிறையும். 30 செ.மீ. உயரம், 45 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு ஐந்து நாற்று வைத்தால் ஒரே பருவத்தில் மண் தெரியாமல் மூடும். அழகில் நான்கிலும் இதற்கே முதலிடம். ஆனால் உழைப்பும் இதற்குத்தான் அதிகம்.

காரணம் அந்தப் பாய்தான். தழை அடர்ந்ததும் மழைநீர் உள்ளே தேங்கும், காற்று புகாது, நடுத்தூர் கறுத்து அழுகும். ஜனவரியில் ஒரு நாள் செடியின் நடுவில் கைவைத்தால் தழை கொத்தாகக் கையோடு வரும், விளிம்பில் மட்டும் பச்சை நிற்கும். இதற்கு மருந்து கிடையாது, கத்தரிதான். வசந்தப் பூ முடிந்து கனமழை தொடங்குமுன், நவம்பர் கடைசியில், தரையிலிருந்து 10 செ.மீ. விட்டு முழுச் செடியையும் வெட்டிவிடுங்கள். பச்சை இலை கொஞ்சமாவது மிஞ்சும்படி வெட்ட வேண்டும். பழுப்புத் தண்டு மட்டும் மிஞ்சினால் துளிர்க்காது. தூரைச் சுற்றி மரப்பட்டை மூடாக்கு போடாமல் சரளைக் கல் இரண்டு விரல் தடிமனுக்குப் பரப்புங்கள். இவ்வளவு செய்தாலும் மூன்று, நான்கு ஆண்டில் செடிக்கு வயதாகிவிடும். தானே விதை தெறித்து அக்கம்பக்கம் முளைத்திருக்கும் குட்டிகளை நான்கு இலைப் பருவத்தில் பெயர்த்து வைத்துக்கொள்ளலாம். களைகொத்தியைக் கொஞ்சம் கட்டுப்படுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தோட்டத்தை ஆண்டுக்கு ஒரு தடவையாவது குனிந்து பார்ப்பவர்களுக்கு இன்கானம், பார்க்காதவர்களுக்குக் கேபிடாட்டம். இதுதான் நாங்கள் பரிந்துரைக்கும் கணக்கு.

நிழலில் கை குறுகுகிறது

நிழல் தாங்கும் பெலர்கோனியம் என்று துணிந்து சொல்லக்கூடியது ஒன்றே: டோமென்டோசம். மேற்குக் கேப் மலைகளில் காட்டோரத்தின் ஈரமான அரைநிழலில் வளர்வது. உள்ளங்கையளவு இலை, வெல்வெட் போல, தொட்டாலே பெப்பர்மின்ட் மணம். ஒரு மீட்டருக்கு மேல் படரும். பூ வெள்ளையாகச் சிறுத்திருக்கும். இதை இலைக்காகத்தான் வைக்கிறோம். பிறந்த இடம் குளிர்ந்த மலை என்பதால் ஹில்க்ரெஸ்ட் மாதிரி மூடுபனி இறங்கும் மேட்டில் தரையிலேயே செழிக்கும். கடலோரத் தாழ்நிலத்தில் தரையில் வைத்தால் கோடையில் அடித்தண்டு அழுகும். அங்கே 30 செ.மீ. தொட்டியில், வீட்டின் கிழக்குப் பக்கம், காலை வெயில் இரண்டு மணி நேரம் படும்படி வையுங்கள். நண்பகல் வெயில் அரை மணி நேரம் பட்டால்கூட இலை விளிம்பு காகிதமாகிவிடும்.

உண்மையான ஜெரேனியத்தில் நிழலுக்குப் பெயர் பெற்றவை ஐரோப்பாக்காரர்கள். உலர் நிழலில் மரவேரோடு போட்டி போட்டு வளரும் மேக்ரோரைசம் அதில் சிறந்தது. அதற்குக் குளிர்காலம் வேண்டும். ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் மரத்தடிக்குக் கிடைத்தால் விடாதீர்கள். டர்பனுக்கு வேண்டாம்.

அப்படியானால் சாட்ஸ்வொர்த் வீட்டு மாமரத்தடிக்கு? அங்கே ஜெரேனியமே வேண்டாம் என்பதுதான் நேர்மையான பதில். நாட்டால் காடுகளிலேயே நிழலில் வாழப் பழகிய பிளெக்ட்ராந்தஸ் வகைகள் இருக்கின்றன. நம் வீட்டுக் கற்பூரவள்ளிக்கு நெருங்கிய சொந்தம், ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். தரையோடு படர சிலியாட்டஸ், ஆளுயரத்துக்கு எக்லோனி. வேர் மண்டிய காய்ந்த நிழலுக்குக் கிராசுலா மல்டிகாவா. செப்டம்பரில் ஆரஞ்சுப் பூ வேண்டுமானால் கிளைவியா. ஜெரேனியம் ஆசையை மாமரத்தின் விளிம்பில், இலைக்கூரை முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில் ஐவி வகையை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

மேலே போகப் போக

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டிராக்கன்ஸ்பர்க் பக்கம் போனால் கணக்கு தலைகீழ். அந்த மலையிலேயே பிறந்த இரண்டு ஜெரேனியம் உண்டு. ரோபஸ்டம் வெயிலுக்கு: ஒரு மீட்டர் உயரப் புதர், வெள்ளி இலை, ஊதாப் பூ, உறைபனி தாங்கும். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மீட்டராவது இடம் விடுங்கள். புல்க்ரம் ஈரமான இடத்துக்கு: மலையில் ஓடைக்கரையில் வளர்வதால் வாய்க்கால் ஓரம், குழாயடி, அரைநிழல் என எங்கும் பொருந்தும். வேர் காய்ந்தால் மட்டும் முகம் வாடிவிடும். பனி விழும் பள்ளத்து வீடுகளில் பெலர்கோனியத்தைத் தொட்டியில் வைத்து மே மாதத்தில் கூரையடிக்கு இழுத்துவிட வேண்டும்.

ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் ஆலங்கட்டி, குளிர்காலத்தில் உறைபனி. ஆலங்கட்டியில் பெலர்கோனியத்தின் சதைத்தண்டு முறியும், தரையோடு படரும் உண்மையான ஜெரேனியமான சாங்குனியம் தப்பிக்கும், முறிந்தாலும் தூரிலிருந்து துளிர்க்கும். கேப்டவுனில் மழை குளிர்காலத்தில் வருவதால் கோடை அழுகல் தொல்லை இல்லை. அங்கே இன்கானம் கிட்டத்தட்ட கவனிப்பே கேட்காது.

மண்ணும் உரமும்

இடம் சரியா என்று பார்க்க 30 செ.மீ. ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். நான்கு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் அங்கே 20, 25 செ.மீ. மேட்டுப்பாத்தி கட்டாமல் எதையும் நடாதீர்கள். குழிக்குள் மட்டும் மணல் போட்டு நிரப்புவது பலர் செய்யும் தப்பு. களிமண்ணுக்கு நடுவில் மணல் குழி இருந்தால் சுற்றியுள்ள மழைநீரெல்லாம் அதற்குள் வந்து சேரும், செடி கிண்ணத்தில் உட்கார்ந்த மாதிரிதான். பாத்தி முழுவதையும் உயர்த்த வேண்டும். தொட்டிக்கு இரண்டு பங்கு மக்கு உரம் கலந்த தொட்டி மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு நொறுக்கிய மரப்பட்டை.

உரப்பையில் 3:1:5 (26) என்று போட்டிருப்பதைப் பலர் எடை என்று நினைக்கிறார்கள். மொத்தச் சத்து 26 சதவீதம், அது 3:1:5 என்று பிரிந்திருக்கிறது என்று பொருள். அதாவது தழைச்சத்து 8.7, மணிச்சத்து 2.9, சாம்பல்சத்து 14.4 சதவீதம். பூக்கும் பெலர்கோனியத்துக்கு இதுவே போதும்: சதுர மீட்டருக்கு 30 கிராம், செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஆறு வாரத்துக்கு ஒரு முறை, ஈர மண்ணில் தூவித் தண்ணீர் விட வேண்டும். புல்தரைக்குப் போடும் லான் (LAN) என்ற தழைச்சத்து உரத்தை இவற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், இலை பெருத்துப் பூ நின்றுவிடும். இன்கானத்துக்கும் கேபிடாட்டத்துக்கும் வசந்தத்தில் ஒரே முறை, பாதி அளவு. ஊட்டம் கூடினால் தண்டு சோர்ந்து சாயும், அழுகல் இன்னும் சீக்கிரம் வரும்.

எங்கே கெடுகிறது

சோனல் இலையின் மேல்புறம் மஞ்சள் புள்ளி, திருப்பினால் அதே இடத்தில் பழுப்புத் தூள் வட்டவட்டமாக இருந்தால் துரு நோய். உலகமெங்கும் பெலர்கோனியத்தை வாட்டும் இந்தப் பூசணம் 1926இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டதே தென்னாப்பிரிக்காவிலிருந்துதான். இலை சில மணி நேரம் நனைந்து கிடந்தால் வித்து முளைக்கும். ஆகவே மாலையில் குழாய் பிடித்துத் தலைக்குக் குளிப்பாட்டும் பழக்கத்தை விடுங்கள். காலையில், மண்ணுக்கு மட்டும். பிடித்த இலையைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

ஐவி இலையின் அடியில் தக்கை போன்ற கொப்புளம் வந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். அது நோயே இல்லை. மேகமூட்டமான நாட்களில் வேர் உறிஞ்சும் நீரை இலை வெளிவிட முடியாமல் செல்கள் வெடித்த தழும்பு. தண்ணீரைக் குறைத்தால் புதிய இலை சுத்தமாக வரும்.

மொட்டில் ஊசித் துளை, பூக்காம்பு உள்ளே குடைந்து காய்ந்திருந்தால் சிறு பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு. இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய் அங்கே பெரும் தொல்லையாகிவிட்ட பூச்சி அது. மொட்டுக்கொத்தை ஒடித்து எறிவதே போதும். தெளித்தே ஆக வேண்டுமென்றால் பி.டி. (Bt) என்ற பாக்டீரியா மருந்தை மாலையில், புழு உள்ளே நுழைவதற்கு முன். நுழைந்த பிறகு அது எட்டாது.

அதிகம் பேசப்படாத ஒன்று: பெலர்கோனியத்தைக் கூண்டோடு அழிக்கும் சாந்தோமோனாஸ் பாக்டீரியா, உண்மையான ஜெரேனியத்தில் சில இலைப்புள்ளிகளோடு அடங்கிக் கிடக்கும். ஜெரேனியம் சாகாது, ஆனால் தெறிக்கும் தண்ணீரில் பக்கத்து மல்வாவுக்குக் கொடுத்துவிடும். இரண்டையும் வளர்ப்பவர்கள் ஒரே தொட்டியிலோ, மேலொன்று கீழொன்றாகவோ வைக்கக் கூடாது. ஒன்றை வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்காமல் மற்றதில் வைக்கவும் கூடாது.

எப்போது நடுவது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இங்கே செல்லாது. நாட்டாலில் ஆடி வறண்ட குளிர்காலம். பெலர்கோனியத் துண்டு வைக்கப் பங்குனியும் சித்திரையும் நல்ல மாதங்கள், வெக்கை இறங்கியிருக்கும், மண் இன்னும் சூடாக இருக்கும். பூவில்லாத நுனிக் கிளையில் 8 முதல் 10 செ.மீ. நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளையும் கணுவில் ஒட்டியிருக்கும் செதில்களையும் எடுத்துவிடுங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும். வெட்டு வாய் உலர ஒரு பகல் நிழலில் போட்டு, பிறகு ஈரப் பருமணலில் இரண்டு விரல் ஆழம் ஊன்றுங்கள். பிளாஸ்டிக் மூட வேண்டாம். ரோஜாத் துண்டுக்கு மூடிப் பழகியவர்கள் இதற்கும் மூடி, அடித்தண்டு கறுத்துப் போவதைப் பார்க்கிறார்கள். மூன்று, நான்கு வாரத்தில் வேர் விடும். மே மாதத்தில் ஒரு தடவை நுனி கிள்ளினால் தீபாவளிக்கு வாசல் தொட்டி நிறையப் பூ இருக்கும்.

சாங்குனியம், மேக்ரோரைசம் போன்ற தூர்விடும் ஜெரேனியத்துக்குத் துண்டு வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் தூரைத் தோண்டி, ஒவ்வொரு பங்கிலும் இரண்டு மூன்று மொட்டுக்கண்ணும் கைப்பிடி வேரும் இருக்கும்படி பிரித்து, பழைய ஆழத்திலேயே நட்டு, முதல் மூன்று வாரம் மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.